வாராந்தர ரத்த அழுத்த, சர்க்கரைப் பரிசோதனை அறை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

1990இல் இந்தியாவில் நிகழ்ந்த இறப்புகளில் 37.9 விழுக்காடு மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், சர்க்கரை, நாள்பட்ட நுரையீரல் நோய் முதலிய தொற்றா நோய்களால் நேர்ந்தவை. 2016இல் அது 61.8 விழுக்காடாகிவிட்டது என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பிற நிறுவனங்களுடன் சேர்ந்து நடத்திய மாநிலவாரி நோய்ச்சுமை ஆய்வு தெரிவிக்கிறது. தொற்றுநோய்ச் சாவுகளும் சிசு மரணங்களும் குறைந்து ஆயுள் கூடியதும் இதற்கு ஒரு காரணம் என்பதால், இதை முழுக்கக் கெட்ட செய்தி என்று சொல்ல மாட்டோம். ஆனால் பேரப்பிள்ளையைப் பார்க்கும் முன்பே மாரடைப்பில் போகிறவர்களின் வீட்டில் அந்த ஆறுதல் எடுபடாது. 2023இல் வெளியான மற்றொரு தேசிய ஆய்வின் கணிப்பில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், வயதுவந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம்.

சென்ற ஆண்டு திருவிழாவை ஒட்டிச் சமுதாயக் கூடத்தில் ஒருநாள் முகாம் நடத்தினோம். ரத்த அழுத்தம் 170/100 என மிக அதிகமாக இருந்ததை எழுதிய சீட்டைக் கொத்தனார் ஒருவர் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார். நான்கு மாதம் கழித்து விசாரித்தபோது, தலைசுற்றல் இல்லாததால் மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். சீட்டு சட்டையோடு துவைபட்டுப் போயிருந்தது. அவரைத் திரும்ப அழைக்க எங்களிடமும் ஒரு பதிவேடு இருக்கவில்லை.

ஆகவே இனி முகாம் வேண்டாம், வாரம் தவறாத அறை ஒன்று வேண்டும் என முடிவு செய்துள்ளோம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் பகலில் வேலைக்குப் போகிறவர்கள் அப்போது வீட்டில் இருப்பதில்லை. அவர்களுக்காகப் புதன்தோறும் மாலை 6 முதல் 9 வரை அறை திறந்திருக்கும். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், வந்தவரை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, பிறகு அளந்து, பதிவேட்டிலும் அவரவர் கையேட்டிலும் எழுதுவார். வரச் சொன்ன வாரத்தில் வராதவரைக் குழுவினர் நேரில் போய்ப் பார்ப்பர். மருந்து நாங்கள் தர மாட்டோம். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே அனுப்புவோம்.

ஓராண்டுச் செலவு ரூ. 96,000. செவிலியரின் மதிப்பூதியத்துக்கு அடுத்த பெருஞ்செலவு சர்க்கரைப் பரிசோதனைப் பட்டைகள். திறந்த டப்பாவை நெடுநாள் வைத்திருக்க முடியாததால் அவ்வப்போதுதான் வாங்க வேண்டும். உறுப்பினர்கள் ரூ. 36,000 தந்துள்ளனர்; மீதம் ரூ. 60,000 தேவை. கருவிகளாகத் தர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். முன்பு அன்பளிப்பாக வந்த இரண்டு கருவிகள் காற்றுப்பட்டை கிழிந்து அலமாரியில் கிடக்கின்றன.

நன்கொடையைக் குழுப் பொருளாளரிடம் தந்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதம்தோறும் சமுதாயக் கூட அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
ஊர் நலக் குழுவினர்