எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லாக விழாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வியட்நாம் போரின் ஹெலிகாப்டர் விமானிகளைப் பற்றி வந்த கட்டுரையில், எஞ்சினில் குண்டு பட்டதுமே ஹியூயி (அமெரிக்கப் படையின் ஹெலிகாப்டர்) கல்லைப் போல் விழுந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு.

மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிளின் பின்சக்கரம் ஓடுகிறதல்லவா? அதே மாதிரி ஃப்ரீவீல் ஒன்று ஹெலிகாப்டரிலும் உண்டு. எஞ்சின் நின்ற கணமே விமானி இடக்கையிலுள்ள கலெக்டிவ் நெம்புகோலை அடிவரை இறக்க வேண்டும். தலைக்கு மேல் சுழலும் ரோட்டர் இறக்கைகளின் சாய்வு குறையும். கீழிருந்து ஏறிவரும் காற்றே ரோட்டரைச் சுழற்றும். ஹியூயியின் மூக்கு அப்போது இடப்பக்கம் வெட்டும். வலது பெடலை மிதித்து நேராக்கலாம். வால் ரோட்டர், மேல் ரோட்டர் சுழற்றும் முதன்மை கியர்பாக்ஸிலிருந்தே ஓடுவதால் பெடல் செத்துப்போகாது. ரோட்டர் வழக்கமாக நிமிடத்துக்கு 324 சுற்று சுற்றும். நெம்புகோலை இறக்கத் தாமதித்தால் அது மளமளவெனக் குறையும். ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் மீட்கவே முடியாது. கல்லாக விழுவது அப்போதுதான்.

சரியாகச் செய்தால் 60, 70 நாட் (மணிக்குச் சுமார் 110–130 கி.மீ.) வேகத்தில், நிமிடத்துக்குச் சுமார் 1,700 அடி இறங்கும். 1,000 அடி உயரமிருந்தால் இடம் தேட அரை நிமிடம் கிடைக்கும். தரைக்கு 100 அடி இருக்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்ல வேண்டும், பிறகு சமப்படுத்தி, கடைசியில் கலெக்டிவை மேலே இழுக்க வேண்டும். ஒரே இழுப்புதான். முந்திக்கொண்டால் ரோட்டரின் விசை 20 அடியிலேயே தீர்ந்து தொப்பென்று விழும்; பிந்தினால் ஸ்கிட் (சக்கரத்துக்குப் பதிலாக அடியில் இருக்கும் சறுக்குக் கால்) அகன்று நொறுங்கும்.

ஆக, விமானி அஞ்ச வேண்டியது தாழ்வாகவும் மெதுவாகவும் இருக்கும் நேரத்துக்குத்தான். துப்பாக்கிக்குத் தப்ப 1,500 அடிக்கு மேலே பறப்பார்கள்; இல்லையென்றால் மரத்தலைகளை உரசிக்கொண்டு வேகமாகப் போவார்கள். வேகம் இருந்தால் அதை உயரமாக மாற்றிக்கொள்ளலாம். 1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கில் நடந்ததுபோல, சண்டைக்கு நடுவே படையினரை இறக்கும்போது உயரமும் இல்லை, வேகமும் இல்லை.

நம் நாட்டின் அவசரகாலத்தை, அதாவது மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த போரை (1948–60), கட்டுரை தொடவே இல்லை என்பது இன்னொரு குறை. காயம்பட்டவர்களைக் காட்டிலிருந்து தூக்கிவர டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர் வந்தது 1950-ல். 1953-ல் பிரிட்டிஷ் கடற்படையின் 848ஆம் ஸ்குவாட்ரன் எஸ்-55 ஹெலிகாப்டர்களைக் கொண்டுவந்தது. உயர்ந்த மரங்களுக்கு நடுவே வெட்டிய திறப்பில் கிணற்றுக்குள் வாளியை இறக்குவதுபோல் செங்குத்தாக இறங்க வேண்டும். பாதி வழியில் எஞ்சின் நின்றால் மேற்சொன்ன எதுவும் உதவாது.

வெயில் வேறு. சூடான காற்று உயரத்துக் காற்றைப் போல் மெலிந்திருக்கும். ஹெலிகாப்டரின் திறனைக் கணக்கிடக் கடல்மட்டத்தில் எடுத்துக்கொள்ளும் வெப்பம் 15 டிகிரி செல்சியஸ். கோலாலம்பூரின் மதியமோ 33. கூடும் ஒவ்வொரு டிகிரியும் 120 அடி உயரத்துக்குச் சமம் என்று வைத்தால், தரையில் நிற்கும்போதே ஹெலிகாப்டர் 2,000 அடிக்கு மேலே இருப்பதுபோல் மூச்சு வாங்கும். அதனால்தான் எரிபொருளைக் குறைத்தாவது காயம்பட்டவருக்கு எடையில் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.

ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்