டெங்குத் துண்டுப்பிரசுரத்தின் வடிவமைப்பு

ஆசிரியர் அவர்கட்கு,

வடகீழ்ப் பருவமழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு தலைதூக்கும் இக்காலத்தில், எங்கள் வீட்டுக்கு வந்த துண்டுப்பிரசுரத்தை அம்மம்மா கண்ணாடி போட்டும் வாசிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டார். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. மேற்பாதி முழுவதும் இலச்சினைகளும் வாழ்த்துச் செய்தியும். (டெங்குக்கு வாழ்த்து எதற்கோ!) காய்ச்சலுக்கு அஸ்பிரின், இபுபுரூபன் எடுக்கக்கூடாது என்ற உயிர்காக்கும் வரியோ பின்பக்கத்தின் அடியில், மற்ற வரிகளின் அளவிலேயே ஒளிந்து கிடந்தது. அந்த எச்சரிக்கையை முன்பக்கத்தில், வெள்ளையில் கறுப்பாக, எல்லாவற்றிலும் பெரிதாக அச்சிட்டுச் சுற்றிலும் வெற்றிடம் விட்டு, வாரம் ஒருமுறை நீர்த்தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதைப் படமாகவே காட்டலாம். தமிழில் ‘கி’யின் மேல்விலங்கும் ‘மு’வின் கீழ்விலங்கும் போன்ற வளைவுகள் வரிக்கு வெளியே நீள்வதால், ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி நமக்குப் போதாது என்பதையும் வடிவமைப்போர் கவனிக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.