மலைக்கு ஒரு நாள், ஊருக்கு ஒரு நாள்

ஆல்ட்ஸ்டெட்டன், சூரிச்

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் முன்னைப்போலத்தான். நீயும் மருமகனும் சுகமாக இருக்க அட்லிஸ்வில் முருகனை நேர்ந்துகொள்கிறேன்.

ஜூன் மாதம் மாமா மாமியையும் கூட்டிக்கொண்டு நீங்கள் லண்டனிலிருந்து சூரிச் வருகிறீர்கள் என்று சின்னம்மா போனில் சொன்னா. ஸ்டேஷனுக்குக் கிட்ட ஹொட்டேல். வெள்ளியும் சனியும் ஊர் சுற்றிக்காட்டுகிற பஸ். ஞாயிறு வழிகாட்டியோடு யுங்ஃபிராவ்யோக் பனிமலை. திங்கள் விடிய பிளேன். எல்லாம் ஒழுங்கு பண்ணி வைத்திருக்கிறாயாம். நீ சின்னனிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் முதல் நாளே பையை அடுக்கிக் கதவடியில் வைத்துவிட்டுத்தான் படுப்பாய். உன் மாமியும் மாமாவும் கொடுத்துவைத்தவர்கள்.

ஹொட்டேலைப்பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. சித்திரையில் நடந்த கதையையும் இதில் எடுக்கப்போவதில்லை. மலையைப்பற்றி எழுதத்தான் இருந்தேன்.

நீ இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைதான். ஆனால் கனடாவிலிருந்தும் ஊரிலிருந்தும் வந்த சனத்தை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். அதனால் சொல்கிறேன், கேள். மலையைக் கடைசி நாளுக்கு வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை சூரிச்சில் கடையெல்லாம் பூட்டு என்றுதான் அன்றைக்கு மலையைப் போட்டிருப்பாய். அது கெட்டித்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு மேகம் மூடினால் என்ன செய்வாய்? திங்கள் பிளேன் நிற்காது. மலைக்குப் போகிற பயணம் ஒரு நாளுக்கென்று எழுதினது, வழிகாட்டிக்கும் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சேர்த்துக் கட்டின காசு. ஊர் பஸ் அப்படியில்லை. இன்றைக்கு ஏறாவிட்டால் நாளைக்கு ஏறலாம், ஒரு தரிப்பிடத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் தொற்றலாம். அசையாததை முதலில் வை, அசையக்கூடியதைப் பின்னுக்கு வை. வெள்ளிக்கு மலையை மாற்று. வெள்ளி மழை என்றால் சனி இருக்கிறது, சனியும் சரியில்லை என்றால் ஞாயிறு இருக்கிறது. எத்தனை நாளைக்கு முன்னம் சொன்னால் திகதி மாற்றுவார்கள் என்று ரிக்கெற்றில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும், அதை வாசித்துப் பார். ஞாயிற்றுக்குக் கடை பூட்டினாலும் ஏரி பூட்டாது, கோயிலும் பூட்டாது. பெரிய ஸ்டேஷனுக்குள் இருக்கிற கடைகள் திறந்துதான் இருக்கும்.

நீங்கள் வருகிற கதை கேட்ட நாளிலிருந்து அப்பா விடிய எழும்பித் தேத்தண்ணியும் கையுமாக இருந்து போனில் மேலே இருக்கிற கமராவைப் பார்க்கிறார். ரயில் கொம்பனி அதை எந்த நேரமும் போட்டுக் காட்டும். சில நாள் முழுக்க வெள்ளை, ஒன்றும் தெரியாது. சில நாள் அலெட்ஷ் பனியாறு வளைந்து போகிற இடம்வரை தெரியும். பார்த்துவிட்டு “இன்றைக்குத் திறந்திருக்கு” என்று மட்டும் சொல்வார். யாருக்காகப் பார்க்கிறீர்கள் என்று நான் கேட்கிறதில்லை. கோடையில் விடியப்புறம் தெளிவாக இருந்துவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு மேகம் ஏறும். நீயும் போகிற நாள் அறையை விட்டு வெளிக்கிட முன்னம் அந்தக் கமராவை ஒருக்கால் பார்.

இன்னொன்று. மலைக்குப் போகிற நாளில் ஊர் ரிக்கெற்றைத் திறக்காதே. விடிய ஸ்டேஷனுக்குப் பின்னால் சீல்கே தரிப்பிடத்தில் ஏறினால் பொழுதுபட்டுத்தான் திரும்புவீர்கள். அதற்குப் பிறகு சுற்றிக்காட்டுகிற பஸ்ஸும் ஓடாது, உங்களுக்குக் காலும் ஓடாது. சில ரிக்கெற் முதல் ஏறின நேரத்திலிருந்து மணி கணக்குப் பார்க்கும், சிலது அன்றைய திகதியோடு முடிந்துவிடும். எது என்று பார்த்து வாங்கு. மாமா மாமிக்கு ஊர் புதுசு, அதனால் அந்தப் பஸ்ஸில் காதில் செருகிக் கேட்டுக்கொண்டு ஒரு சுற்றுப் போகட்டும். அதற்குப் பிறகு சாதாரண 24 மணி நேர ரிக்கெற் எடு. மத்தியானம் எடுத்தால் அடுத்த நாள் மத்தியானம்வரை செல்லும். ட்ராம், பஸ், லிம்மாட் ஆற்றில் ஓடுகிற வள்ளம் எல்லாம் அதற்குள் அடங்கும். பெல்வியூவில் இறங்கி நடந்தால் குரோஸ்மூன்ஸ்டர் தேவாலயம், பாலத்தைக் கடந்தால் ஃபிராவ்மூன்ஸ்டர் தேவாலயம். உள்ளே ஷகால் என்ற ஓவியர் செய்த கண்ணாடி யன்னல் ஐந்தும் 1970இல் வைத்தது. ஞாயிறு காலை பூசை நேரத்தில் பார்க்கப் போகாதே. சென் பீட்டர் கோயில் மணிக்கூட்டை மாமாவுக்குக் காட்டு. முகம் மட்டும் 8.7 மீற்றர் அகலம், ஐரோப்பாவில் கோயில் மணிக்கூடுகளுக்குள் அதுதான் பெரிசு. தண்ணீர்ப் போத்தல் காசு கொடுத்து வாங்கவிடாதே, தெருவுக்குத் தெரு ஊற்று இருக்கிறது, எல்லாம் குடிக்கிற தண்ணிதான்.

அந்த 24 மணி நேர ரிக்கெற் எங்கள் பக்கத்துக்கும் செல்லும். பரடபிளாட்ஸில் 2ஆம் இலக்க ட்ராம் ஏறினால் லிண்டன்பிளாட்ஸில் இறக்கும். மாறி ஏறத் தேவையில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

இனி மேலே போகிற கதை. இதைத்தான் ஆறுதலாக இருந்து வாசிக்க வேணும். சூரிச் கடல்மட்டத்திலிருந்து 400 மீற்றர் சொச்சம். யுங்ஃபிராவ்யோக் ஸ்டேஷன் 3,454 மீற்றர். விடிய இங்கே தேத்தண்ணி குடித்தவர் மத்தியானம் அங்கே நிற்பார். கிரின்டல்வால்ட் என்ற மலையடி ஊரிலிருந்து அந்தப் புதுத் தொங்குவண்டி, 2020 கடைசியில் திறந்தது, கால் மணித்தியாலத்தில் ஐகர் பனியாற்றடிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். காது இரண்டும் அடைக்கும். பிறகு குகைக்குள்ளால் ரயில். மேலே காற்று இங்கே இருக்கிறதில் மூன்றில் இரண்டு பங்குதான். நாங்கள் கெதியாகப் போகிறோம், உடம்பு கெதியாகப் பழகாது.

ரொறன்ரோ மச்சாள் வந்தபோது நடந்தது உனக்குத் தெரியாது, நீ அப்போது லண்டன் போய்விட்டாய். ரயில் நின்றதும் படம் எடுக்க ஓடினா. ஸ்பிங்ஸ் என்ற பார்வைமேடைக்குப் போகிற லிப்ட் 108 மீற்றரை அரை நிமிசத்துக்குள் ஏறும். மேலே கதவு திறக்க, மச்சாள் உதடு வெளிறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா. ஒரு கையில் கையுறை, மற்றதில் இல்லை, எங்கே விழுந்தது என்று சொல்லவும் வாய் வரவில்லை. வழிகாட்டி வந்து நிலத்தில் இருத்தி, மிடறு மிடறாகத் தண்ணி கொடுத்து, பேசாமல் மூச்சு விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சரி வந்தது. ஆனால் அந்த முகம் எனக்கு இப்பவும் நினைவில் நிற்கிறது. மச்சாளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, ஓடினதுதான் பிழை.

அதனால் ஓடாதே. மாமியையும் ஓடவிடாதே. மாமிக்குப் பிறசர் இருக்கிறதென்று சின்னம்மா சொன்னா. ரிக்கெற் காசைப் பார்க்காமல் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். குளிசையைக் கைப்பையில் வைக்கச் சொல், ஹொட்டேலில் விட்டுவிட்டு வரவேண்டாம். ஜூன் என்று பார்க்காமல் தடித்த ஜக்கெற்றும் கறுப்புக் கண்ணாடியும் எடு, மேலே பனிதான். வழுக்காத சப்பாத்து. பனிக்கட்டி மாளிகைக்குள் தரையே பனிக்கட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நட. வழிகாட்டி சொன்ன நேரத்துக்கு ரயிலடிக்கு வந்து நில், அவர் எல்லாருக்குமாகக் காத்துக்கொண்டு நிற்க ஏலாது. ஜக்கெற்றை மறவாதே.

அப்பா என்றால் வந்தவர்களுக்கு அந்த ரயில் கதை சொல்லாமல் விடமாட்டார். 1896இல் தொடங்கினது, ஐகர், மோன்ஷ் என்ற இரண்டு மலையையும் குடைந்து 1912 ஆவணி முதலாம் திகதி திறந்தது, திட்டம் போட்ட கூயர்-செல்லர் 1899இலேயே செத்துப்போனார், முடிந்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லி ஒரு பெருமூச்சு விடுவார். கனகாலமாக அந்தக் கதையைச் சொல்ல அவருக்கு ஆளில்லை. உன் மாமாவுக்கு இப்படியானது பிடிக்குமாமே, சின்னம்மா சொன்னா.

சின்னம்மா வேறொன்றும் சொன்னா. போன ஞாயிறு உங்களிடம் வந்தபோது கோப்பி போட்டதும் நீ மணம் பொறுக்காமல் எழும்பி அறைக்குள் போனாயாம். மீன்குழம்பையும் தொடவில்லையாம். அவ அதற்கு மேலே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ கோப்பி இல்லாமல் பஸ் ஏறாத பிள்ளை. களைப்பாக இருக்கலாம், வேலை கூடவாக இருக்கலாம். நான் ஒன்றும் ஊகிக்கவில்லை. ஆனால் மாமிக்காக டொக்டரிடம் போகிற நேரம், அந்த உயரத்துக்கு நீ போகலாமோ என்று உனக்காகவும் கேள். வெட்கப்படாதே. அங்கே சும்மா கேட்கிற கேள்விதான் அது. டொக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வந்தவர்கள் ஏமாறுவார்கள் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறாதே. உன் குணம் எனக்குத் தெரியும். காய்ச்சலோடு பரீட்சை எழுதிவிட்டு வந்து வீட்டு வாசலில் விழுந்த பிள்ளை நீ.

போகாமல் விட்டால் பயணம் குழம்பாது. அதைத்தான் இரண்டு இரவாக யோசித்தேன். மாமாவும் மருமகனும் வழிகாட்டியோடு மலைக்குப் போகட்டும், அவர்களை வழிகாட்டி பார்த்துக்கொள்வார். நீயும் மாமியும் அன்றைக்கு ஊரில் நில்லுங்கள். ஆறுதலாகப் பத்து மணிக்கு வெளிக்கிட்டு, களைத்தால் இறங்கி, இருந்து, திரும்ப ஏறுங்கள். மலை ஒன்று பார்த்தே ஆகவேணும் என்று மாமி சொன்னால் S10 ரயில் பிடித்து யூட்லிபெர்க் போ, 871 மீற்றர்தான், ஏரியும் ஊரும் ஒன்றாகத் தெரியும். வெளித்த நாளென்றால் பனிமலை வரிசையும் தெரியும். அதைவிட உயர வேணுமென்றால் ரீகி, 1,800க்குள்தான், 1871இலிருந்து பல்லுச்சக்கர ரயில் ஓடுகிற மலை. அதுகூட டொக்டரைக் கேட்டுவிட்டு.

அன்றைக்கு உங்கள் இரண்டு பேரோடும் வர எனக்கு நேரம் இருக்கிறது. வெள்ளி என்றாலும் சனி என்றாலும். மாமியை ட்ராமில் ஏற்றி இறக்க ஒரு கை உதவியாக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே அலையத் தேவையில்லை. இடியப்பமும் சொதியும் வைக்கிறேன், தாளிதம் கனக்கப் போடமாட்டேன், கோப்பியும் போடமாட்டேன். மலையால் வருகிறவர்கள் இரவு இங்கேயே வந்து சாப்பிடலாம், கடைசி ட்ராமுக்கு நேரம் கிடக்கும். உன் அறையில் தையல் மெசின் நின்றது, அதை நான் எடுத்துவிட்டேன். கட்டிலுக்கு விரிப்பு மாற்றியாயிற்று. படுக்க வேணும் என்று சொல்லவில்லை, களைத்தால் சரிய ஒரு இடம்.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. ஆனால் நேற்று அவர் லிண்டன்பிளாட்ஸ் கடையில் இஞ்சி பிஸ்கட் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன். “மலைக்குப் போகிற ஆட்களுக்கு வயிறு பிரட்டினால் நல்லது” என்றார். நான் சின்னம்மா சொன்ன கதையை அவருக்குச் சொல்லவேயில்லை, பிள்ளை. மலைக்கென்றே வாங்கியிருப்பார்.

டொக்டரிடம் போய்விட்டு வந்ததும் எழுது. போன் எடுக்க மனமில்லையென்றால் ஒரு வரி மெசேஜ் போதும். மாமி மச்சம் சாப்பிடுவாவோ, வெள்ளிக்கிழமையில் சைவமோ என்று மறக்காமல் போடு. உறைப்பு எவ்வளவு என்றும் போடு. புதன்கிழமைக்குள் தெரிந்தால் நான் கடைக்குப் போக வசதி. ஜக்கெற் உன்னுடையது பழசு இங்கே அலுமாரியில் கிடக்கிறது, தோய்த்து வைத்திருக்கிறேன், லண்டனிலிருந்து காவிக்கொண்டு வரத் தேவையில்லை.

அன்புடன்,
அம்மா