தையல் ஏன் வளைந்தது

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் மலருக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. பேரன் ஓ.எல். சோதனை எழுதி முடித்ததும், கிணற்றடித் தோடை காய்க்கத் தொடங்கியதும் வாசிக்கச் சந்தோசமாக இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில், தேவாரம் வாசிக்கும்போது வரியின் நடுவில் எழுத்து அழிந்த மாதிரி இருக்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று எழுதியிருந்தீரே. அதை வாசித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் சொன்னால் "சரி, சரி" என்று வைத்துவிடுவீர். அதனால்தான் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

என் வலது கண்ணின் கதையை உமக்கு முழுதாகச் சொல்லவில்லை. போன வருடம் பேத்திக்குப் பாவாடை தைத்தபோது கரை வளைந்து வளைந்து போவது போலத் தெரிந்தது. மெசினில்தான் பிழை என்று திருத்துகிறவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு துண்டுத் துணியில் தைத்துக் காட்டி, "அம்மா, தையல் நேராத்தானே போகுது" என்றார். பிறகு ஓரிடத்தில் கண்ணைக் காட்டினேன். வயதுக்கு இப்படித்தான் என்று சொல்லிக் கண்ணாடியை மாற்றித் தந்தார்கள். அப்படியே மூன்று மாதம் போய்விட்டது.

ஒருநாள் ஊசியில் நூல் கோர்க்க இடது கண்ணை மூடினேன். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு பொட்டு. நிமிர்ந்து பார்த்தால் கதவு நிலை நடுவில் நெளிந்து நிற்கிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை, கண்ணீர் இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் மற்றதின் குறையில் பெரும்பகுதியை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கற்றரக்ட், அதுதான் கண்புரை, என்றால் எல்லாமே புகார் மூடியது போல மங்கும், நேர்கோடு வளையாது. வளைந்தால் கண்ணின் உள்ளே பின்பக்கத்தில் இருக்கும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். அதன் நடுவில் மக்குலா என்று ஒரு சின்ன இடம். வாசிக்கவும், முகத்தை அடையாளம் காணவும், நூல் கோர்க்கவும் நமக்கு அதுதான் வேண்டும். வயது போகப் போக அது தேய்வதில் உலர்ந்த வகை, ஈரமான வகை என்று இரண்டு இருக்கிறது. பலருக்கு வருவது உலர்ந்த வகை, அது மெதுவாகப் போகும். ஈரமானதில் விழித்திரைக்குக் கீழே புதிதாக இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவற்றின் சுவர் பலமில்லாதது. நீரும் இரத்தமும் கசிந்து விழித்திரையைத் தூக்குவதால்தான் கோடு வளைகிறது. அப்படியே விட்டால் அந்த இடம் தழும்பாகிவிடும், தழும்பை மாற்ற மருந்து இல்லை. கிளினிக்கில் கண்மணியை விரிக்கத் துளி மருந்து விட்டு, விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கிற ஓ.சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். கசிந்த நீர் அதில் கறுப்பாகத் தெரிந்தது.

கண்ணுக்குள் ஊசி என்று கேட்டதும் எனக்குக் கால் நடுங்கியது. மரக்கத் துளி விட்டு, அயடீன் மருந்தால் கழுவி, இமை மூடாமல் ஒரு கம்பி வைத்து, வெள்ளை விழியில் போட்டார்கள். சில விநாடிதான். ஊசியைவிட அயடீன் எரிவுதான் கூட. முதலில் மாதம் ஒன்றாக மூன்று, பிறகு ஸ்கானைப் பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள். புதுக் குழாய்களை வளரச் சொல்லும் புரதத்தை அந்த மருந்து அடக்குகிறது. ரனிபிசுமாப் 2006 இலும் அஃப்லிபர்செப்ட் 2011 இலும் இதற்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றவை, விலை கூட. பெவசிசுமாப் முதலில் குடல் புற்றுநோய்க்கு வந்தது, விலை மிகக் குறைவு. 2011 இல் அதையும் ரனிபிசுமாப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது பார்வைக்குக் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே காசை நினைத்துத் தயங்காதேயும், வைத்தியரிடம் இரண்டையும் பற்றிக் கேளும். ஊசிக்குப் பிறகு வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும். கிருமி தொற்றுவது அரிது, ஆனால் பொல்லாதது.

என் கசிவு நின்றுவிட்டது. கதவு நிலை நிமிர்ந்தது. ஆனால் அந்த மூன்று மாதத்தின் தழும்பு இருக்கிறது, வலது கண்ணால் நூல் கோர்க்க முடியாது. உமக்கு அது வரக்கூடாது.

பொன்னாங்காணி வறை தினமும் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தீர். நல்லது, கீரை கண்ணுக்கு உதவும். ஆனால் கசிகிற குழாயைக் கீரை அடைக்காது. அப்புறம், உம்முடைய தம்பி சுருட்டை விட்டாரா? புகை இந்த வருத்தத்துக்குப் பெரிய காரணம், சகோதரத்துக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்புக் கூட. அவரையும் காட்டச் சொல்லும்.

இதோடு பேத்தியின் கணக்குக் கொப்பியில் கிழித்த சதுரத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன், நடுவில் பொட்டுப் போட்டிருக்கிறேன். 1945 இல் அம்ஸ்லர் என்ற சுவிஸ் வைத்தியர் இப்படியான கட்டத்தைத்தான் கொண்டுவந்தார். வாசிக்கிற கண்ணாடியைப் போட்டு, ஒரு அடி தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பொட்டை மட்டும் பாரும். பிறகு மற்றக் கண். கோடு நெளிந்தாலோ, ஒரு சதுரம் காணாமல் போனாலோ மறுநாளே வவுனியாவில் காட்டும். அங்கே இழுபட்டால் பஸ் ஏறி இங்கே வாரும், கிளினிக்குக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன். முன்னறை உமக்குத்தான்.

ஞாயிறு காலை போன் எடுப்பேன். அதற்கு முதல் பார்த்து வையும்.

அன்புடன்,
ராணி