பதினேழு பேர் வந்தா பதினேழு பேருக்கும் ஆட்டம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பரில பாலே நடனம் அமைச்ச ஜோர்ஜ் பலஞ்சின் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, சந்தோசம், எங்கட பேப்பருகளில பாலே பற்றி ஆர் எழுதினம். 1904ல ரஷ்யாவில பிறந்தவர், 1924ல நாட்டை விட்டு வெளிக்கிட்டவர், 1933ல அமெரிக்கா போனவர், 1948ல நியூயோர்க் சிற்றி பாலே தொடங்கினவர், 1983ல காலமானவர் எண்டு எல்லாம் சரியா வந்திருக்கு. ஆனா மனுசன் எப்பிடி வேலை செய்தவர் எண்டதுக்கு ரெண்டு வரிதான். நான் திருகோணமலையில டான்ஸ் பிள்ளையளுக்கு மிருதங்கம் வாசிக்கிற ஆள், எனக்கு அந்த ரெண்டு வரிதான் முக்கியம், அதால இந்தக் கடிதம்.

அமெரிக்காவில அவர் முதல் செய்த பாலே 'செரனேட்', 1934. ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியிட இசை. மேடைக்கெண்டு தொடங்கினதில்ல, தன்ர புதுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு மேடையில நிக்கப் பழக்கத் தொடங்கின வகுப்பு அது. முதல் நாள் 17 பொம்பிளைப் பிள்ளையள் வந்திச்சினம், 17 பேரையும் வச்சுத் தொடக்கத்தை அமைச்சார். அடுத்த வகுப்புக்கு 9 பேர், அதுக்கடுத்ததுக்கு 6 பேர், வந்த ஆக்களுக்கு ஏத்தமாதிரியே அடுத்தடுத்த பகுதியளையும் போட்டார். ஒரு நாள் எல்லாரும் ஓடி வெளிய போகேக்க ஒரு பிள்ளை விழுந்து அழுதிட்டுது, பியானோக்காரரை நிப்பாட்டாம வாசிக்கச் சொல்லிப்போட்டு அந்த விழுகையையும் ஆட்டத்துக்குள்ள சேர்த்திட்டார். இன்னொரு நாள் ஒரு பிள்ளை லேட்டா வந்தது, அதுவும் உள்ளுக்க வந்திட்டுது. இண்டைக்கும் அந்த பாலேயில ஒருத்தி பிந்தி வந்து மற்ற ஆக்களுக்குள்ள தன்ர இடத்தைத் தேடுறதைப் பாக்கலாம்.

இதை வாசிச்சிட்டு சும்மா விளையாட்டா செய்திருக்கிறார் எண்டு நினைக்கப்படாது. அவர்ட தகப்பன் இசையமைப்பாளர், இவரும் முறையா பியானோ படிச்சவர், ஓர்கெஸ்ட்ராவுக்கு எழுதின இசையைத் தானே பியானோவுக்குச் சுருக்கி எழுதிக் கையில பிடிச்சுப்போட்டுத்தான் ஒத்திகைக்குள்ள கால் வைப்பார். அதாவது கணக்கெல்லாம் முதலே முடிஞ்சுது, அசைவு மட்டும்தான் ஆக்களுக்கு முன்னால நிண்டு வரும், அதுவும் கெதியா. யூனியன்காரர் சம்பளம் கணக்குப் பண்ணுற நேரத்துக்குள்ளதான் எனக்குக் கற்பனை வரோணும் எண்டு பகிடியாச் சொல்லுவாராம். அவருக்கு முந்தி பாலே அமைச்ச பெரிய ஆள் பெற்றிப்பா இதுக்கு மறுவளம், வீட்டில சின்னச் சின்ன உருவங்களை மேசையில அடுக்கிப் பாத்திட்டு வாற ஆள், 1890ல வந்த ஸ்லீப்பிங் பியூட்டி பாலேக்கு இந்த இடத்தில இத்தனை பார் (தாளக் கட்டம்) இசை வேணும் எண்டு சைக்கோவ்ஸ்கிக்கே எழுதிக் குடுத்தவர். ரெண்டும் முறைதான், நான் பெற்றிப்பாவைக் குறை சொல்லேல்ல. பலஞ்சினும் எல்லாத்திலயும் நல்லவர் எண்டில்ல, மெலிஞ்ச உடம்புதான் வேணுமெண்டு அவர் நிண்ட நிலையால பாலே பிள்ளையள் பட்ட பாடு வேற, அதை உங்கட கட்டுரை தொடவே இல்ல. 1942ல சர்க்கஸ் யானையளுக்கும் ஆட்டம் அமைச்சவர், அம்பது யானை, அதுக்கு இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியிட்ட இசை கேட்க, ஸ்ட்ராவின்ஸ்கி யானைக்கு என்ன வயசு எண்டு கேட்டாராம், சின்ன வயசு எண்டோண்ண அப்ப சரி எழுதுறன் எண்டிட்டார். இதையாவது போட்டிருக்கலாம்.

இனி எங்கட பக்கத்துக்கு வாறன். இஞ்ச ஒரு பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்குக் குழு நடனம் பழக்கினவை, பேர் வேண்டாம். யூடியூப்பில பாத்த ஆட்டம், அதில எட்டுப் பேர், இஞ்ச பழக வந்தது ஒன்பது. போட்டியெண்டா ஆள்கணக்கு விதி இருக்கும், விளங்குது, இது பரிசளிப்பு. ஒன்பதாவது பிள்ளைக்கு என்ன வேலை குடுத்தவை தெரியுமோ, போனைப் பிடிச்சு ஸ்பீக்கரில பாட்டுப் போடுறதும் நிப்பாட்டுறதும். நான் வேற ஒரு அலுவலாப் போய்ச் சுவரோட நிண்டனான். அந்தப் பிள்ளை ஒரு கையால போனைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால துடையில தாளம் போடுது, ஒவ்வொரு முறையும் சரியாச் சமத்திலதான், தாளம் திரும்பத் தொடங்கிற அடியிலதான், நிப்பாட்டுது, எட்டுப் பேரில மூண்டு பேர் ஏழேழா எண்ணுற மிஸ்ர நடை வாற இடத்தில தடுமாறுதுகள், இவள் தடுமாறேல்ல. அவளை நடுவில நிப்பாட்டி மற்ற எட்டையும் சுத்தி ஆட விட்டிருந்தா எவ்வளவு வடிவா இருந்திருக்கும். வீடியோவில அப்பிடி இல்லையாம்.

மிருதங்கக்காரனுக்கு வேலை போயிட்டுது, அதான் புலம்புறான் எண்டு சிலபேர் சொல்லுவினம். சொல்லட்டும். பிள்ளை விழுந்தா அது எழும்புமட்டும் ரெண்டு ஆவர்த்தனம், அதாவது ரெண்டு தாளச் சுற்று, கூட்டி வாசிக்க பென்ட்ரைவுக்கு ஏலுமோ?

ஒண்டு மட்டும் கேக்கிறன் ஐயா. கிழக்கில கூத்துப் பழக்கிற அண்ணாவிமார் இன்னும் இருக்கினம், ஊரில ஆர் ஆர் வந்து நிக்கினமோ அவையிட குரலையும் உயரத்தையும் பாத்துத்தான் இன்னாருக்கு இன்ன வேசம் எண்டு சட்டம், அதாவது அந்த வேசத்துக்குரிய பாட்டு எழுதின கொப்பி, குடுப்பினம். உங்கட நிருபர் ஒராளை சட்டம் குடுக்கிற அண்டைக்கே அனுப்பி, அண்ணாவியார் எப்பிடி ஆளைத் தெரியிறார், ஆட்டத்தை எப்பிடி மாத்துறார் எண்டு பாத்து ஒரு முழுப்பக்கம் எழுதச் சொல்லுங்கோ. ஆட்டம் பழக்கிற ரீச்சர்மாரும் வாசிப்பினம்.

இப்படிக்கு,
ஒரு மிருதங்கக்காரன்,
உவர்மலை, திருகோணமலை.