நெல் மூட்டையின் நிறை: வன்னி ஆலை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

வணக்கம். பரந்தன் பக்கத்தில் நெல் வாங்கும் களஞ்சியம் ஒன்றில் பதினொரு வருடமாகத் தராசடியில் நின்று நிறை எழுதுகிறேன். நான் மூட்டை தூக்குபவன் இல்லை, தூக்குபவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவன்.

போன மாசியில், லொறியில் மூட்டை அடுக்கும்போது ஓர் அண்ணை நாரியை, அதாவது கீழ்முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். அந்த மூட்டை 74 கிலோ. எழுதியது நான்தான். இரண்டு நாள் கூலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "தூக்கத் தெரியாமல் தூக்கினான்" என்று ஒரு பேச்சு வேறு. இருபது வருடம் மூட்டை தூக்கிய மனிதர் அவர்! இப்போது எங்களிடமே சாக்குத் தைக்கிறார். ஊசி கீழே விழுந்தால் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சரி, தூக்கும் முறை என்று ஒன்று இருக்கிறதுதான். முழங்காலை மடக்கி, சுமையை வயிற்றோடு அணைத்து எழும்ப வேண்டும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். ஆனால் எப்படித் தூக்கினாலும் 74 கிலோ 74 கிலோதான். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் நிறை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967 இலேயே பரிந்துரைத்துவிட்டது. சீமெந்துப் பைகூட 50 கிலோதானே?

நெல் சாக்கு மட்டும் ஏன் இப்படிப் பெருக்கிறது? விவசாயிக்குச் சாக்குக் காசு மிச்சம். உங்களுக்குக் கூலி மிச்சம், மூட்டைக் கணக்கில்தானே கொடுக்கிறீர்கள். கிலோக் கணக்குக்கு மாற்றுங்கள். சாக்குச் சிறுத்தாலும் கூலியில் யாருக்கும் நட்டம் வராது. நிறைதான் ஏற்கனவே கொப்பியில் இருக்கிறதே.

ஓர் ஆலை மட்டும் "50 கிலோவுக்கு மேல் எடுக்க மாட்டோம்" என்றால் விவசாயி அடுத்த ஆலைக்குப் போய்விடுவார். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அப்புறம், மூட்டைகளை நிலத்தில் போடாமல் இடுப்பு உயரத்தில் ஒரு மேடை கட்டி அதில் வையுங்கள். நிலத்திலிருந்து குனிந்து தூக்குவதுதான் நாரியை முறிக்கிறது. லொறிப் பலகையில் சிந்திய நெல்லையும் அடிக்கடி கூட்டச் சொல்லுங்கள், வெறுங்காலுக்குக் கீழே அது உருளும். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க இந்த நாட்டில் 1934 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் பெயர் எங்கும் பதியாத நாட்கூலி எதைக் காட்டிக் கேட்பது? பெயரையாவது எழுதி வையுங்கள்.

தை பிறந்தால் காலபோக அறுவடை தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு நாள் கூடிப் பேசுங்கள். அழைத்தால் என் நிறைக் கொப்பிகளோடு வருகிறேன்.

இப்படிக்கு,
தராசடியில் நிற்பவன்