மக்கர் பண்ணாத மக்கார்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள கால்கரி நண்பர்களுக்கு,

ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் கேல் மக்காரின் தொடக்க காலத்தைப் பற்றி நான் பேசப்போகிறேன் என்று சொன்னதும், "யாரு, நம்ம வண்டி மாதிரி மக்கர் பண்றவரா?" என்று கேட்ட அண்ணனுக்கு முதல் நன்றி. நான் அதுவரை அந்தப் பெயரை மேக்கர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் மூன்று முறை திருத்தியும் நாக்கு வளையவில்லை. அந்தக் கேலிக்கு அப்புறம் மறக்கவே இல்லை.

சனிக்கிழமை எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் நடந்த கூட்டத்துக்கு 12 பேர் வந்தால் அதிகம் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன். வந்தவர்கள் 30 பேருக்கு மேல். பேச ஏற்பாடு செய்திருந்த கூடம் முதல் நாள் மாலை கையை விரித்துவிட்டது. அந்த இடத்தின் பெயர் வேண்டாம், போகட்டும். இரவு பதினொரு மணிக்கு நாற்காலிகளோடு வந்து நின்றவர்களை நினைத்தால் அந்தக் கோபமும் போய்விடுகிறது.

ஏன் இந்தப் பேச்சு என்று சிலர் கேட்டீர்கள். போன வருடம் ஹாக்கி ஆடும் என் மகளை அவளுடைய கோச், கோல் போடும் முன்வரிசையிலிருந்து தடுத்து ஆடும் டிஃபென்ஸுக்கு மாற்றினார். வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பேட்டிங் செய்துகொண்டிருந்த பிள்ளையை எல்லைக்கோட்டில் ஃபீல்டிங்குக்கு நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த வாரம் பனி வாரும்போது பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் புலம்பினேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "மக்கார் இந்த ஊர்ப் பையன்தான், தெரியுமா?" என்று தொடங்கினார். கை விறைக்கிற குளிரில் முக்கால் மணி நேரம் நின்று கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இந்த மடலை மகள் வாசித்துச் சொல்லிவிடுவாள். ஐயா, சனிக்கிழமை நான் பேசியதில் பாதி நீங்கள் அன்று சொன்னதுதான்.

1998 அக்டோபரில் கால்கரியில் பிறந்த மக்கார் சிறு வயதில் உருவத்தில் சின்னவர். அவரை வெஸ்டர்ன் ஹாக்கி லீக் அணியான மெடிசின் ஹாட் டைகர்ஸ் எடுத்து வைத்திருந்தது. இங்கே ஹாக்கி ஆடும் பையன்களுக்கு அந்த ஜூனியர் லீக் என்றால் ராஜபாட்டை. அவர் அதில் போகாமல் புரூக்ஸ் பேண்டிட்ஸ் என்ற அல்பர்ட்டா ஜூனியர் அணிக்குப் போனார். காரணத்தை எனக்கு விளக்கியது, கல்லூரியில் படிக்கும் எங்கள் தெருத் தம்பி. வெஸ்டர்ன் லீக்கில் ஆடிவிட்டால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கதவு மூடிவிடும் என்பது அப்போதைய விதி. 2024 நவம்பரில்தான் அதை மாற்றும் முடிவை எடுத்தார்கள். ஆக, அன்றைக்கு 16, 17 வயதில் எடுத்த ஒரு முடிவு அடுத்த ஐந்து வருடத்தைத் தீர்மானித்துவிட்டது. தம்பி, நீ போட்டுக் காட்டிய அந்தப் படத்தை அப்படியே வெள்ளைப் பலகையில் போட்டேன். உன் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

புரூக்ஸுக்கு என்னையும் மகளையும் அழைத்துப்போன அக்காவுக்கும் மாமாவுக்கும் என்ன சொல்வது? கிழக்கே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் பயணம், ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி. இறைச்சி ஆலைக்குப் பேர்போன சின்ன ஊர் அது. 2016-17 சீசனில் மக்கார் அங்கே 54 ஆட்டங்களில் 75 புள்ளிகள் (தான் போட்ட கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு) எடுத்தார். ஒரு டிஃபென்ஸ்மேனுக்கு அது நம்ப முடியாத கணக்கு. 2017இல் சிகாகோவில் நடந்த டிராஃப்டில், அதாவது என்.எச்.எல். என்ற பெரிய தொழில்முறை லீக்கின் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், கொலராடோ அவலாஞ்ச் அணி அவரை நான்காவதாக எடுத்தது. அந்த சீசனில் லீக்கிலேயே கடைசி இடத்தில் முடித்த அணி அது. கடைசி அணிக்குத்தான் முதல் தேர்வு கிடைக்க அதிக வாய்ப்பு. அப்படிக் காத்திருந்தவர்களை, தேர்வு வரிசையை முடிவு செய்யும் லாட்டரிக் குலுக்கல் நான்காம் இடத்துக்குத் தள்ளியது. அன்று தலையில் கை வைத்த கொலராடோ ரசிகர்கள் இப்போது அந்த லாட்டரிக்குக் கற்பூரம் காட்டலாம்.

டிராஃப்ட் ஆனதும் பணமும் புகழும் வாசலுக்கு வந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். மக்கார் போனது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு, ஆம்ஹெர்ஸ்டுக்கு. அதற்கு முந்தைய சீசனில் அந்த அணி 36 ஆட்டங்களில் வென்றது வெறும் 5. பயிற்சியாளர் கிரெக் கார்வெல் எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். முதல் வருடம் மக்காருக்கு 21 புள்ளிகள். 2018 கோடையில் கொலராடோ கூப்பிட்டும் அவர் இன்னொரு வருடம் கல்லூரியிலேயே இருந்தார். பேச்சில் இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாக்கள் சிலர் நெளிந்ததையும் பார்த்தேன். வந்த வாய்ப்பை விடலாமா என்பது நம் வீடுகளில் கேள்வியே இல்லை, வந்தால் பிடித்துக்கொள் என்பதுதான் சட்டம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் அந்த இரண்டாம் வருடத்தில் 49 புள்ளிகள் வந்தன, அந்த அணியும் முதல்முறையாகத் தேசிய இறுதி ஆட்டத்துக்குப் போனது.

அப்புறம் அந்த நான்கு நாட்கள். 2019 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை, கல்லூரி ஹாக்கியின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹோபி பேக்கர். சனிக்கிழமை பஃபலோவில் மினசோட்டா டுலூத்திடம் 3-0 என்று இறுதி ஆட்டத்தில் தோல்வி. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் உலக ஜூனியர் தங்கத்தைக் கனடாவுக்காக வென்ற அதே அரங்கம். ஞாயிற்றுக்கிழமை கொலராடோவுடன் ஒப்பந்தம். திங்கட்கிழமை பிளேஆஃப் ஆட்டம் (வழக்கமான சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் தொடர்), எதிரே சொந்த ஊரான கால்கரியின் ஃபிளேம்ஸ். என்.எச்.எல். வழக்கமான சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடாத 20 வயதுப் பையன் முதல் பீரியடிலேயே கோல் போட்டுவிட்டார். கொலராடோ 6-2 என்று வென்றது, பின்னர் தொடரையும் எடுத்தது.

அந்த ஆட்டத்தின் பதிவைத் தந்தவர் என்னோடு இரவுப்பணி பார்க்கும் தீவிர ஃபிளேம்ஸ் ரசிகர். கொடுக்கும்போது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இதை எதற்கு மறுபடியும் பார்க்க வேண்டும்?" என்று கேட்டாலும், சரியான நிமிடத்தைக் குறித்தே கொடுத்தார். நான் பேச்சில் அந்த ஆட்டம் கால்கரியில் நடந்ததாகச் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்த பத்து வயதுக் குட்டி எழுந்து, "மாமா, அது கொலராடோவோட ஊரு டென்வர்ல" என்றாள். கூட்டத்தில் நிறையக் கைத்தட்டு வாங்கியது அவள்தான். நன்றி கண்ணம்மா.

மகளின் கோச்சுக்கும் ஒரு வார்த்தை. மக்காரின் கோல்களை மட்டும் ஓட்டிக் காட்டத்தான் நான் தயாராக இருந்தேன். அவர் தடுத்து, கோலை விட்டுவிட்டுக் கால்களைக் கவனிக்கச் சொன்னார். எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டின் மேல் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே, உடம்பை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் போவது; எதிராளி நெருங்கும்போது பின்னோக்கிச் சறுக்கியபடியே இடைவெளியைச் சுருக்குவது; பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, மீட்டதும் பதறாமல் தரும் முதல் பாஸ். கபடியில் ரெய்டரின் காலைப் பிடிக்கக் காத்திருக்கும் ஆளின் நிதானம் இது. மெதுவாக ஓட்டிக் காட்டியபோது, ஹாக்கியே பார்க்காத எங்கள் அத்தைகூட, "அட, வழுக்கிக்கிட்டே போறானே!" என்றார்.

அதன் பிறகு நடந்தவற்றை நான் வேகமாகத்தான் சொன்னேன். முதல் முழு சீசனில் 57 ஆட்டங்களில் 50 புள்ளிகளும், சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதும். 2022 ஜூனில் ஸ்டான்லி கோப்பை. அதே ஆண்டில் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருதும், பிளேஆஃப்களின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதும். அவை எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அந்தக் கல்லூரி வருடங்கள்தான் பிடிக்கின்றன.

பழைய ஸ்கேட், முழங்கால் பேட், கையுறை என்று மூட்டையாகக் கொண்டுவந்து வைத்த குடும்பங்களுக்கும் நன்றி. அன்று மாலையே இரண்டு பிள்ளைகளுக்கு அளவு பொருந்திவிட்டது. 60 இடியாப்பம் அவித்த அக்காவுக்கு நன்றி. எனக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

மகள் இந்த சீசனும் டிஃபென்ஸ்தான். ஞாயிறு காலை ஆறே காலுக்கு ரிங்கில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் போகிறவர்கள் சொல்லுங்கள், காரில் இரண்டு இடம் இருக்கிறது. அப்புறம், ஆறு மடக்கு நாற்காலிகள் இன்னும் எங்கள் பேஸ்மென்ட்டில் நிற்கின்றன. நான்கில் நீலப் பெயின்ட் கறை. யாருடையவை என்று தெரியவில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பனி வாரும் அப்பா